இரண்டு பழைய கார்களுக்கு ஒரு கூரை

குருவிநத்தம்,
மார்கழி முதல் வாரம்.

என் அன்பு மகன் புகழேந்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் கீர்த்தியும் அதே போல் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும் போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். ஜெர்மனியில் பனி கொட்டுகிறது என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காதை மூடாமல் நின்றுகொண்டு பல்லைக் காட்டுகிறாய், கல்யாணம் ஆன பிள்ளைக்குக் காதை மூடு என்று இன்னும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கீர்த்திக்குத் தலைவலி குறைந்ததா, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓட வேண்டாம் என்று சொல். நம் செவலை மாடு வெள்ளம் வடிந்த மறுநாள் கன்று போட்டது, கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு, அதற்கு ஒன்றும் தெரியாது பாவம், சேற்றில் துள்ளிக்கொண்டு நிற்கிறது. சம்பா நடவு முழுக்க அழுகிவிட்டது, மறுபடியும் உழுது நவரை போடலாம் என்று அப்பா விதைநெல்லுக்கு அலைகிறார். வீட்டுக்குள் முழங்கால் வரைக்கும் வந்த தண்ணீர் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது, சுண்ணாம்பு அடித்தாலும் அந்தக் கோடு மறையவில்லை. பண்டம் பாத்திரம் போனது போகட்டும், உயிருக்குச் சேதம் இல்லை, அதற்கு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டியிருக்கிறேன்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு எதற்கு அம்மா தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்னால் சொல்ல முடியவில்லை ராசா, அதுதான் காரணம். உன் பியட் கார் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. உன் இன்னொரு கார் ஹெரால்டு தப்பித்துவிட்டது, பியட்டைக் காப்பாற்ற முடியவில்லை. நீ கேட்டபோதெல்லாம் இரண்டும் பத்திரமாக இருக்கிறது என்று நாங்கள் சொன்னது பொய், அப்பா பாதி சொன்னார், நான் மீதியைச் சொன்னேன். நீ திட்டுவாய் என்று பயந்து மறைக்கவில்லை, நீ திட்டினால்கூட எனக்குப் பரவாயில்லை. நீ திட்டாமல், விடும்மா பழைய இரும்புதானே, இரண்டையும் வித்துடுங்க என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் பயந்தேன். கல்யாணம் முடிந்து போனவன் மூன்று வருடமாக ஊர்ப் பக்கம் வரவில்லை. உன் கட்டில் இருக்கிறது, பெட்டி நிறையச் சட்டை இருக்கிறது, அதற்காகவெல்லாம் நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்தால் சாப்பிட்டியா என்று என்னைக் கேட்பதற்கு முன்னால் பியட் எப்படி இருக்கு என்று கேட்கிறவன் நீ. எனக்குக் கோபம் வரும், கூடவே நிம்மதியும் வரும், இந்தக் கார் இங்கே நிற்கிறவரைக்கும் என் பிள்ளை ஒருநாள் வருவான் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த சித்திரையில் வந்து இரண்டு காரையும் ஓட்டப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் சித்திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படி இருக்க அந்தக் காரையே தண்ணீரில் விட்டுவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஆவணியில் உன் கூட்டாளி விஜயராஜ் வில்லியனூரில் கார்கள் நின்ற ஷெட்டை மனையோடு விற்றுவிட்டதாகச் சொன்னான் அல்லவா, அவனை நான் குறை சொல்லமாட்டேன், இத்தனை வருடம் முகம் சுளிக்காமல் வைத்திருந்தான், பிளாட் போடுகிறவர்கள் வந்து நின்றால் அவன்தான் என்ன செய்வான். புரட்டாசிக்குள் எடுத்துவிட வேண்டும் என்றான். நீயும் போனில் வரிசையாகச் சொன்னாய், கூரை ஒழுகக் கூடாது, ஈரம் ஏறக் கூடாது, காற்று போய்வர வேண்டும், எலி கூடாது, வெயில் நேராகப் படக் கூடாது, வாடகை கையைக் கடிக்கக் கூடாது என்று. உனக்குப் பெண் பார்த்தபோதுகூட நாங்கள் இத்தனை பொருத்தம் பார்க்கவில்லை. நம் தெருவுக்குள் டிராக்டரே பின்பக்கமாகத்தான் வரும், வீட்டோடு வைக்க வழியில்லை, அதனால் அப்பாவும் நானும் டி.வி.எஸ் வண்டியில் ஏறி இடம் பார்க்கக் கிளம்பினோம். பாண்டியில் பழைய கார்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று சொன்னார்கள், உள்ளே ஆஸ்பத்திரி மாதிரி சில்லென்று இருந்தது, வாடகையைக் கேட்டதும் அப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டார், "நம்ப வூட்டுல ஃபேன் சுத்துனா போதும்னு கெடக்குறோம், காருக்கு ஏசி கேக்குதா" என்று பாகூர் வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் பெரிய அறை காலியாக இருந்தது, மேனேஜர் நல்ல மனுஷர், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், புரட்டாசி முழுக்க வைக்கலாம், மார்கழியிலும் வைக்கலாம், நடுவில் முகூர்த்த நாள் வந்தால் மட்டும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்றார். ஐப்பசி கார்த்திகையில் எத்தனை முகூர்த்தம் என்று அவர் காலண்டரைப் புரட்டினார், மழைக்காலம் முழுக்க உன் கார்கள் பந்தலுக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்கும் போலிருந்தது. கரியமாணிக்கத்தில் மூடிப்போட்ட கோழிப்பண்ணை ஒன்றைப் பார்த்தோம், கூரை நன்றாக இருந்தது, சுற்றிலும் வெறும் கம்பி வலைதான், நாற்றம் வேறு குடலைப் பிடுங்கியது, நீயும் கோழி எச்சம் பட்டால் பெயிண்டை அரித்துவிடும் என்று வேண்டாம் என்றாய். ஒரு ரைஸ் மில்லில் இடம் தருகிறேன் என்றார்கள், தவிட்டுத் தூசி விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. கடைசியில் அப்பா, நெல் அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுகிற மாதிரி காரையும் கட்டிக் களத்தில் விட்டுவிடலாம், ஒரு பொட்டுத் தண்ணி இறங்காது என்றார், அப்படி மூடினால் உள்ளேயே புழுங்கித் துருப்பிடித்துவிடும் என்று நீ போனில் கத்தினாயே, நினைவிருக்கிறதா, அன்றைக்கு அப்பா முகம் வாடிப்போய்விட்டது. நெல்லைக் காப்பாற்றத் தெரிந்தவருக்கு இரும்பைக் காப்பாற்றத் தெரியவில்லை, அதற்கு அவர் என்ன செய்வார்.

இப்போது நான் எழுதப் போவதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. இவ்வளவு இடம் தேடி அலைந்தோமே, நம் ஊரிலேயே பெரியப்பாவின் குடோன் காலியாகத்தான் கிடந்தது. மேட்டில் ரோட்டோரமாக இருக்கிறது, மேலே கான்கிரீட் தளம், சுவரில் உயரமாக ஜன்னல், நீ சொன்ன பொருத்தம் அத்தனையும் உண்டு. உரக்கடையை மூடிய பிறகு அதில் ஒரு மூட்டைகூட இல்லை. நாங்கள் இரண்டு பேரும் தினமும் அதைத் தாண்டித்தான் போனோம், தாண்டும்போது இரண்டு பேரும் எதிர்ப்பக்க வயலைப் பார்த்துக்கொண்டு போனோம். உன் கல்யாணத்துக்கு அவர் வராதது உனக்கும்தான் தெரியுமே. முதல் பத்திரிகை அவருக்குத்தான் வைக்க வேண்டும் என்று நீயும் நானும் அப்பாவும் தாம்பூலத் தட்டோடு போனோம், வீடு பூட்டியிருந்தது, கண் ஆபரேஷனுக்குக் கடலூர் போயிருப்பதாகச் சொன்னார்கள், இன்னும் எத்தனையோ வீடு பாக்கி இருக்கிறதே என்று பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். பெரியப்பாவும் ஆண்டாள் பெரியம்மாவும் திரும்பி வந்த பிறகு மறுபடி போய்க் கையில் கொடுத்திருக்க வேண்டும், கல்யாண அலைச்சலில் போகவில்லை. கூடப் பிறந்த தம்பி தன்னை வீடு தேடி வந்து அழைக்கவில்லை என்று அவருக்குக் குறை, கூடப் பிறந்த அண்ணன் என் பிள்ளை கல்யாணத்துக்கு வரவில்லையே என்று அப்பாவுக்குக் குறை, யார் குறை பெரிது என்று நிறுத்துப் பார்க்கவா முடியும். அதிலிருந்து எதிரில் வந்தால்கூடப் பேச்சில்லை. குடோனைக் கேட்டால் என்ன என்று ஒருநாள் நான் வாயெடுத்தேன், அப்பா "கார் மண்ணோட மண்ணா போனாலும் அவர் வாசல்ல போயி நிக்கமாட்டன்" என்றார். நான் பிடிவாதம் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை, எனக்கும் உள்ளுக்குள் அதே வீம்புதான். புரட்டாசி கடைசியில் பால் சொசைட்டியில் நின்றுகொண்டிருந்தேன், பெரியம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற சின்னபொண்ணுவிடம், எனக்குக் கேட்கிற மாதிரி, "எங்க குடோனு சும்மாதாங் கெடக்குது, ஒரு எலி கெடையாது, ஒரு சொட்டு ஒழுகாது, இருந்து இன்னா, வைக்கத்தான் ஆளில்ல" என்றாள். நம் ஊரில் இப்படிச் சாடையாகப் பேசினால் குத்திக் காட்டுகிறார்கள் என்றுதானே அர்த்தம், எங்களிடம் இருக்கிறது உங்களிடம் இல்லை பார் என்று சொல்கிறாள் என்றே நினைத்தேன். பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வந்துவிட்டேன், வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். ஒரு நிமிஷம் நின்று, என்னக்கா சொல்ற என்று நான் கேட்டிருந்தால் போதும் ராசா, இந்தக் கடிதமே எழுத வேண்டியிருந்திருக்காது.

அந்தக் கோபத்தில்தான் அப்பா மறுநாளே ஆற்றுப் பக்கம் இருந்த கொட்டகையைப் பேசி முடித்தார். சவுக்குக் கட்டை வாங்கி விற்கிறவருடையது, நாலு பக்கமும் சுவர், மேலே தகரம், முன்னால் ஷட்டர், பாதிக் கொட்டகையில் காய்ந்த கட்டை அடுக்கியிருந்தது, மீதியை நமக்குக் கொடுத்தார், வாடகையும் நம்மால் முடிகிற வாடகைதான். தாழ்வான இடம் என்று எனக்கு உறுத்தியது, தண்ணீர் அங்கே வந்து எத்தனையோ காலம் ஆகிறது என்று எல்லோரும் சொன்னார்கள், பொங்கல் வரைக்கும்தானே, பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். நீ சொன்னபடி அப்பா எல்லாம் செய்தார். பெட்ரோலை இறக்கினார், பேட்டரியைக் கழற்றினார், ஒரே இடத்தில் அழுந்தி டயர் கெட்டுப்போகும் என்று நீ சொன்னதற்காக ஜாக்கி வைத்து பியட்டைத் தூக்கி நாலு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் உட்கார வைத்தார். ஒரு நாள் முழுக்க அந்த வேலைதான், சாயங்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தார், முதுகு சரியானதும் ஹெரால்டையும் ஏற்றிவிடுகிறேன் என்றார், ஏற்றவே இல்லை, அதனால்தான் ஹெரால்டு பிழைத்தது. கார்த்திகைப் புயல் மழை ஒரு ராத்திரி ஒரு பகல் ஊற்றி ஓய்ந்து, அப்பாடா என்று நாங்கள் உட்கார்ந்த பிறகு, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து தென்பெண்ணையில் பெரிய தண்ணீர் வருகிறது, கரையோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று சொன்னார்கள். நான் மாட்டை அவிழ்த்தேன், அப்பா கொட்டகைக்கு ஓடினார். தெருவில் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஹெரால்டைத் தள்ளி ரோட்டு மேட்டில் ஏற்றிவிட்டுத் திரும்பி ஓடியிருக்கிறார், அதற்குள் ஷட்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பியட் செங்கல்மேல் இருக்கிறதே, தள்ளினால் நகருமா, ஒவ்வொரு பக்கமாக ஜாக்கி வைத்து இறக்க வேண்டும், தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறார், ஜாக்கி வழுக்கி வழுக்கிப் போயிருக்கிறது. இடுப்புக்குத் தண்ணீர் வந்த பிறகும் வரமாட்டேன் என்று நின்றவரை அந்த ஆட்கள்தான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வந்தவர் என் முன்னால் கையை விரித்தார், இரண்டு கையிலும் தோல் உரிந்திருந்தது. நீ செங்கல்மேல் வைக்கச் சொன்னதால்தான் இப்படி ஆனது என்று தயவுசெய்து நினைக்காதே, அதை நீ நினைத்துவிடுவாயோ என்றும் எனக்குப் பயமாக இருக்கிறது, நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், அவர் உன் பேச்சைத் தட்டக் கூடாது என்றுதான் செய்தார்.

தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தோம். ஷட்டர் வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தது, உள்ளே சவுக்குக் கட்டைகள் எல்லாம் மிதந்து போய் பியட்டைச் சுற்றி மோதியிருக்கின்றன, முன் கண்ணாடி நொறுங்கி, கூரை ஒரு பக்கம் அமுங்கி, ஸ்டியரிங் வரைக்கும் வண்டல். நீ ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து தைத்த சீட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நீயும் கீர்த்தியும் மாலையோடு அதில் வந்து இறங்கியது என் கண்முன் வந்து நின்றது, அங்கேயே அழுதுவிட்டேன். அப்பா அழவில்லை, கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது, பார்த்தால் பெரியப்பா. யாரும் சொல்லி அனுப்பவில்லை. சாவு வீட்டுக்கு வருகிறவர் மாதிரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைச் சேற்றிலேயே வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காரைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார், பிறகு இரும்புச் சங்கிலியை நீட்டி, "கமலக்கண்ணா, அந்தாண்ட போய் மாட்டு" என்றார். மூன்று வருடம் கழித்து அவர் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்பா சங்கிலியை வாங்கினார், அண்ணா என்றார், அப்படியே சேற்றில் குந்திவிட்டார், இத்தனை வருடத்தில் உன் அப்பா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பெரியப்பா தோளைத் தொட்டு, "அழுது இன்னா ஆவப்போவுது, எந்திரிடா, வண்டிய மொதல்ல மேட்டுக்குக் கொண்டுபோவலாம்" என்றார். பியட்டைச் செங்கல்லிலிருந்து இறக்கி டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு அவர் முன்னால் போக, ஹெரால்டைத் தள்ளிக்கொண்டு தெருவே பின்னால் வந்தது.

குடோனுக்குப் போனதும் ஒன்றைப் பார்த்தேன் புகழேந்தி. அது லாரியில் மூட்டை ஏற்றுவதற்காகக் கட்டின குடோன், லாரித் தட்டு உயரத்துக்குத் தரை, எந்தக் காரும் அதில் ஏற முடியாது. ஆனால் கதவுக்கு முன்னால் செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, கார் ஏறுகிற அளவுக்குச் சரிவு கட்டியிருந்தது. டயர் வழுக்காமல் இருக்கக் குறுக்கே கோடு கோடாக வரி வேறு இழுத்திருந்தது. எங்களுக்காக நேற்று அவசரமாகக் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன், கிட்டே போனால் சரிவின் அடியில் ஒரு முழத்துக்கு வெள்ளத்து வண்டல் படிந்து காய்ந்து வெடித்திருக்கிறது. வெள்ளம் வருவதற்கு முன்னாலேயே கட்டியது. எப்ப மாமா கட்டினீங்க என்று கேட்டேன். அவர் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே, புரட்டாசியில என்றார். நாங்கள் இடம் தேடி அலைகிற சேதி டீக்கடையில் காதில் விழுந்ததும் ஆள் கூப்பிட்டுக் கட்டியிருக்கிறார், தினமும் காலையிலும் மாலையிலும் அவரே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி நனைத்திருக்கிறார், பெரியம்மா சொன்னாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா என்றேன். "நீங்க வந்து கேப்பீங்கன்னு இருந்தன்மா" என்றார். கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன், சாதாரணமாகச் சொன்னார். பெரியம்மா என்னைப் பார்த்து, "அதுக்குத்தான்டி சொசைட்டில வெச்சு சொன்னன், நீ மூஞ்சியத் தூக்கினு போயிட்ட" என்றாள். வயலைப் பார்த்துக்கொண்டு போகாமல் ஒருநாள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால் அந்தச் சரிவு கண்ணில் பட்டிருக்கும். நினைக்க நினைக்க ஆறவில்லை.

இப்போது இரண்டு காரும் அங்கேதான் நிற்கின்றன. வாடகை என்று அப்பா வாயைத் திறந்ததற்கு, "இன்னொரு தபா சொன்ன, சாவிய வாங்கிக்குவன்" என்றார் பெரியப்பா, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விஜயராஜ் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினான், ஹெரால்டுக்கு ஒன்றும் இல்லை, பியட்டை முழுக்கப் பிரித்தால்தான் தெரியும், என்ஜினுக்குள் வண்டல் போயிருக்கிறது, பாடி எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார் அந்த மெக்கானிக். நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை, உன்னிடம் இனிமேல் எதையும் மறைக்கக் கூடாது என்று அதையும் அப்படியே எழுதிவிட்டேன். காயலான்கடைக்காரர் ஒருவர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து எடைக்குப் போடுகிறீர்களா என்று கேட்டார், அப்பா அவரை ரோடு வரைக்கும் விரட்டிவிட்டு வந்தார். தினமும் கஞ்சி குடித்ததும் குடோனுக்குப் போய்விடுகிறார், பிரஷ்ஷை வைத்துக் கதவு இடுக்கு, ஸ்குரு இடுக்கு என்று வண்டலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார், பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து அங்கே விட்டுட்ட, இங்கே விட்டுட்ட என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் பேசி மூன்று வருடம் ஆயிற்றே, நிறையப் பேசுவார்கள் என்று பார்த்தால் காரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கார் போய்த்தான் அண்ணன் தம்பி சேர வேண்டுமா, உன் பொருளைக் கொடுத்து எங்கள் வீம்பைத் தீர்த்துக்கொண்டோமா என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் கேட்கிறேன், விற்றுவிடலாம் என்று அங்கே இருந்தபடி முடிவு எடுத்துவிடாதே. சித்திரையில் வந்து உன் கண்ணால் பார், உன் கையால் தொட்டுப் பார், அப்புறம் நீ என்ன சொன்னாலும் நான் மறு பேச்சு பேசமாட்டேன். கார் ஓடுகிற நிலைமையில் இல்லை என்பதற்காக வராமல் இருந்துவிடாதே ராசா, இதைத்தான் இத்தனை பக்கமும் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கீர்த்தியைச் சத்தம் போடாதே, அவள் ஏதோ டென்ஷனில் இருக்கிறாள் என்று அவள் குரலிலேயே தெரிகிறது, வீட்டு வேலையை ஆளுக்குப் பாதியாகச் செய்யுங்கள். கடைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் போட்டு வைத்திருக்கிறேன், வெள்ளத்துக்குப் பிறகு போட்டது, பயப்படாமல் சாப்பிடலாம், யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் அவளும் நோய்நொடி இல்லாமல், மனசு ஒன்றாக, நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், மாரியம்மன் துணை இருப்பாள். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், உன்னோடு பேச அவருக்குக் கொஞ்சம் நாள் ஆகும், வீடியோவில் முகத்தைக் காட்டாமல் எழுந்து போனால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

கடைசியாக ஒன்று, மறக்காமல் செய். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பெரியப்பாவுக்குப் போன் போடு. எடுத்த எடுப்பில் நன்றி சொல்லிவிடாதே, என் காருக்கு உங்கள் குடோனில் கொஞ்சம் இடம் கொடுப்பீர்களா பெரியப்பா என்று கேள். கார் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது, அவருக்கும் தெரியும் உனக்கும் தெரியும், இருந்தாலும் நீ கேட்க வேண்டும், நம் வீட்டில் இன்னும் யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒரு கண் சரியாகத் தெரியாததால் போனைத் தேடி எடுக்க அவருக்கு நேரமாகும். எடுக்கவில்லை என்று வைத்துவிடாதே, எடுக்கிறவரைக்கும் மறுபடி மறுபடி அடி.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
சிந்தாமணி.